தெளிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை: வீட்டுத்தோட்டக் காய்கறிகளில் பூச்சியும் நோயும்

கத்தரிச் செடியின் மற்றக் கிளைகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கையில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை கவிழ்ந்து வாடியிருந்தால், புதிதாகத் தோட்டம் போட்டவர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். அல்லது உரக்கடைக்குச் சென்று பூச்சிமருந்து கேட்பார். இரண்டாலும் பயன் இல்லை. அந்தக் கொழுந்துக்குள் வெளிர் சிவப்பு நிறப் புழு ஒன்று தண்டைக் குடைந்துகொண்டிருக்கிறது. மேலே தெளிக்கும் எதுவும் அதனிடம் எளிதில் போய்ச் சேராது. வாடிய பகுதிக்குக் கீழே, துளை முடிந்து தண்டின் உட்புறம் முழுமையாகத் தெரியும் இடம் வரை வெட்டி, அந்தத் துண்டைச் சோப்பு நீரில் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இந்தத் தண்டுத்துளைப்பான்தான் பின்னர் காய்த்துளைப்பானாகவும் மாறுகிறது என்பதால், கொழுந்து வாடும் பருவத்திலேயே வெட்டிவிடுபவர் சொத்தைக் கத்தரிக்காயைக் குறைவாகவே காண்பார்.

மாடியிலோ கொல்லையிலோ தொட்டிகளிலும் பைகளிலும் காய்கறி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இருபது முப்பது செடிகள் உள்ள தோட்டத்தில் ஒவ்வொரு செடியையும் கையால் தொட்டுப் பார்க்க முடியும். பெருவிவசாயிக்கு இல்லாத இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டால், தெளிப்பானை எடுக்க வேண்டிய நாட்கள் மிகவும் குறைந்துவிடும் என்பதே என் கருத்து.

பார்க்கும் முறை

வாரத்திற்கு இரண்டு முறையாவது, வெயில் ஏறுவதற்கு முன், செடிகளைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் ஊற்றும்போதே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண்ணில் படுவது இலையின் மேற்பரப்பு மட்டும்தான். பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பரப்பில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு செடியிலும் அடியில் ஓர் இலை, நடுவில் ஓர் இலை, கொழுந்தில் ஓர் இலை என்று மூன்றைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கைலென்ஸ் ஒன்று கையில் இருப்பது, மருந்துப் புட்டிகள் நான்கு வாங்கி வைப்பதைவிட மேலானது. லென்ஸ் இல்லாவிட்டால், கொழுந்துக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு கொழுந்தை இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். தாளில் விழுந்து ஊரும் மெல்லிய கோடுகள் இலைப்பேன்கள், மெதுவாக நகரும் புள்ளிகள் சிலந்திப்பேன்கள்.

அடுத்து, சேதம் எங்கே தொடங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தக்காளி, வெண்டை, கீரை, மிளகாய் என எல்லாவற்றிலும் ஒரே நாளில், ஒரே பக்கமாக இலை கருகியிருந்தால் அது பெரும்பாலும் வெயிலோ, காற்றோ, தண்ணீரோ செய்த வேலை. பூச்சியும் நோயும் அப்படி வருவதில்லை. ஒரு செடியில், ஒரு கிளையில் தொடங்கி, தனக்கு ஏற்ற செடிகளுக்கு மட்டும் பரவும். சேதத்தின் வகையும் அடையாளம் சொல்லும். இலை ஓரம் கடித்து எடுக்கப்பட்டிருந்தால் அது புழு, வெட்டுக்கிளி, நத்தை ஆகியவற்றில் ஒன்று. நரம்புகளை விட்டுவிட்டுப் பச்சை மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் வண்டு. இலை சுருண்டு, நெளிந்து, வெளிறிப் பிசுபிசுப்பாக இருந்தால் சாறு உறிஞ்சும் பூச்சி. இலைக்குள் வெண்ணிறக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலைச்சுரங்கப்பூச்சி. தக்காளியிலும் தட்டைப்பயறிலும் அதைக் கண்டு பலர் பதறுகிறார்கள், ஆனால் ஓரிரு இலைகளைக் கிள்ளி எறிவதற்கு மேல் அதற்கு எதுவும் தேவைப்படுவதில்லை. காலையில் கடித்த தடம் மட்டும் இருந்து பூச்சி எதுவும் அகப்படவில்லை என்றால், இரவு எட்டு மணிக்குமேல் டார்ச் விளக்குடன் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

நோய் அல்லாதவை

மருந்து கேட்டு வரும் புகார்களில் கணிசமானவை நோயே அல்ல. அடி இலைகள் சீராக மஞ்சளாகிக்கொண்டே மேலேறினால் தழைச்சத்துக் குறைவு. மண்புழு உரமோ, நீர்த்த கடலைப்புண்ணாக்குக் கரைசலோ கொடுத்தால் தேறும். அதற்கு மாறாக, இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாததால் மட்டும் இது வருவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது இருக்கும் இரும்பையும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது.

தக்காளியின் அடிப்புறம், அதாவது பூ இருந்த முனை, கறுத்து அமுங்குவதைப் பூஞ்சண நோய் என்று நினைத்து மருந்தடிப்பது மிகப் பரவலான தவறு. அது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் ஒருநாள் காய விட்டு மறுநாள் நிறைய ஊற்றும் ஒழுங்கற்ற பாசனமே அதற்குக் காரணம். பாதிக்கப்பட்ட காயைப் பறித்துவிட்டு, மண்ணின் மேல் காய்ந்த சருகை மூடாக்காக இட்டு, அளவாகத் தினமும் நீர் கொடுத்தால் அடுத்த கொத்து நன்றாக வரும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் இரவும் வெக்கையாக இருக்கும்போது தக்காளி பூ உதிர்ப்பதும் இந்த வகைதான். நிழல்வலை கொஞ்சம் உதவும், மற்றபடி பொறுத்திருப்பதுதான்.

சாறு உறிஞ்சும் பூச்சிகள்

வீட்டுத்தோட்டத்தில் மிகுதியான தொல்லை தருபவை இவைதான்: அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகியவை, இவற்றோடு பூச்சியினத்தைச் சேராத சிலந்திப்பேனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அசுவினி அவரை, தட்டைப்பயறு, மிளகாய் ஆகியவற்றின் கொழுந்திலும் பூக்காம்பிலும் கறுப்பாகவோ பச்சையாகவோ அப்பியிருக்கும். பெண் அசுவினி இணை சேராமலேயே குட்டிகளை ஈன்றுகொண்டே போகும் என்பதால், இன்று பத்தாக இருப்பது ஒரு வாரத்தில் கொழுந்து தெரியாத அளவு பெருகிவிடும். ஆனால் அதன் உடல் மென்மையானது. குழாய் நீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உதிர்ந்தவை மீண்டும் ஏறி வருவது அரிது. இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து செய்தால் போதும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் நீர் போதாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தெடுக்க வேண்டும். மிகவும் பற்றிய கிளையை வெட்டிவிடுவதே நல்லது. செம்பருத்தியைப் பொறுத்தவரை எப்போதும் கத்தரிப்பையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அது விரைவில் துளிர்த்துவிடும்.

செடியில் எறும்பு ஏறி இறங்கினால் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. அதற்குக் கைம்மாறாக, அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. எனவே தொட்டிக்குக் கீழே நீர் நிரப்பிய தட்டு வைத்தோ, தண்டைச் சுற்றிய துணியில் விளக்கெண்ணெய் தடவியோ எறும்பைத் தடுத்தால் பாதி வேலையை மற்றப் பூச்சிகளே பார்த்துக்கொள்ளும். இலையின் மேல் படியும் கறுப்புப் படலமும் அந்த இனிப்பு நீரில் வளரும் கரும்பூஞ்சணம்தான். அதற்குத் தனி மருந்து வேண்டாம். மேலே உள்ள பூச்சியை ஒழித்தால் படலம் தானே உரியும். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் காணப்பட்டுப் பின்னர் கொய்யா, வாழை என்று பரவிய சுருள் வெள்ளை ஈயிலும் இதே படலத்தைக் காணலாம். அங்கே நீர்த்த மைதா மாவுக் கரைசலை, லிட்டருக்கு 25 கிராம் என்ற அளவில், இலைகளில் தெளிக்கிறார்கள். அது காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உரிந்துவிடும்.

மிளகாயில் இலை சுருண்டால் அது எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன்; கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, கொழுந்து குறுகியிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்தால் கேட்கும். இலைப்பேன் அதற்கு அசையாது. இலைப்பேனுக்கு நீல ஒட்டும்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் பொருந்தும். வெள்ளை ஈக்கு மஞ்சள் பொறி. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தட்டைச் செடியின் உச்சி மட்டத்தில் கட்டினால் அதுவே பொறியாகிவிடும். வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாக எண்ணெய் தடவினால் போதும். பொறி பூச்சிகளை முழுவதுமாக ஒழிக்காது. எப்போது பெருகுகின்றன என்பதைக் காட்டும்.

மருந்தில்லாத நோய்கள்

வெண்டை இலையில் நரம்புகள் வலைப்பின்னலாக மஞ்சளாகி, நாளடைவில் இலை முழுவதும் வெளிறி, காயும் மஞ்சளாகச் சிறுத்தால் அது மஞ்சள் நரம்புத்தேமல் நோய். தக்காளி இலைகள் சுருங்கித் தடித்து, செடி குட்டையாகிப் புதர்போல நின்றால் அது இலைச்சுருட்டு நோய். இரண்டும் வெள்ளை ஈயால் பரவும் நச்சுயிரி நோய்கள். நச்சுயிரி புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு மனம் வருவதில்லை. பஞ்சகவ்யம் தெளித்துப் பார்க்கலாமா, மோர் தெளித்துப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு வாரம் கடத்துவார்கள், அதற்குள் பக்கத்துச் செடிகளும் மஞ்சளாகிவிடும். வெள்ளை ஈ சுறுசுறுப்பில்லாமல் இருக்கும் அதிகாலையில், செடியின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து மூடி, வேரோடு பிடுங்கிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்தச் செடியில் ஏற்கெனவே பறித்த காயைச் சமைத்து உண்பதில் தீங்கு இல்லை. செடியைத் தாக்கும் நச்சுயிரி மனிதரைத் தாக்காது.

அடுத்த முறை விதைக்கும்போது நோயைத் தாங்கும் இரகங்களைக் கேட்டு வாங்க வேண்டும். வெண்டையில் அர்க்கா அனாமிகா, பர்பானி கிராந்தி ஆகியவை அந்த நோக்கத்திற்காகவே உருவாக்கப்பட்டவை. எனினும் நோயைத் தாங்கும் இரகம் என்பதால் நோயே வராது என்று பொருளில்லை. நாளடைவில் இந்தத் திறன் பல இடங்களில் குறைந்தும் வந்திருக்கிறது. வேலியோரத் துத்திச்செடி வெள்ளை ஈக்குப் புகலிடம் என்பதால், அதையும் களைய வேண்டும்.

பூஞ்சணமும் வாடலும்

விதைத்த தட்டில் நாற்றுகள் நன்றாக முளைத்து, மண்மட்டத்தில் தண்டு மெலிந்து சாய்ந்துவிடுவது நாற்றழுகல். மிகையான ஈரமும் நெருக்கமான விதைப்புமே இதற்கு வழிவிடுகின்றன. சாய்ந்தவை பிழைக்கா. விதைப்பதற்கு முன் டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில், அதாவது வீட்டு அளவில் ஒரு சிட்டிகை, புரட்டி விதைப்பது நல்ல காப்பு. இது உயிருள்ள பூஞ்சணம். ஆகவே இரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடு கலக்கக் கூடாது, காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கவும் கூடாது.

சாம்பல் நோய் வெண்டையிலும் பூசணி வகைகளிலும் இலை மேல் வெண்தூளாகப் படியும். மற்றப் பூஞ்சணங்களைப் போல இதற்கு இலை நனைந்திருக்கத் தேவையில்லை. பகலில் வறட்சியும் இரவில் குளிர்ச்சியும் இருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் பெருகும். தொடக்கத்தில் பாலை ஒன்பது பங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பது பலன் தருகிறது. வெண்டைக்கு நனையும் கந்தகமும் ஏற்றது. பூசணி, வெள்ளரி, பாகல் வகைகளுக்குக் கந்தகம் இலையைக் கருக்கிவிடும் என்பதால் தவிர்க்க வேண்டும். தக்காளியின் அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி தோன்றினால் அது இலைக்கருகல். மண்ணிலிருந்து நீர் தெறிப்பதால் ஏறுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இலைகளைக் கிள்ளிவிட்டு, மூடாக்கு இட்டு, நீரை இலையில் படாமல் வேரில் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் அதையும் மீறிப் பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளிக்கலாம்.

நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தக்காளியோ கத்தரியோ, மண் ஈரமாக இருந்தும் பச்சையாகவே வாடினால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இல்லாமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு இருந்தால் பூஞ்சண வாடல். இரண்டிலும் செடியை எடுத்துவிட வேண்டியதுதான். அந்தப் பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் மீண்டும் நடாமல், கீரை அல்லது பயறு வகைக்கு மாற்ற வேண்டும். பிடுங்கிய வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் காரணம் நூற்புழு. பயறு வகைகளின் வேரிலும் முடிச்சு இருக்கும். ஆனால் அது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சு, விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது என்பதால் உதிராது. அந்த மண்ணில் வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி வளர்ப்பது நல்லது.

புழுக்கள், பழ ஈக்கள்

இலை தின்னும் புழுக்களுக்குக் கையே முதல் கருவி. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றுகளில் பறவை எச்சத்தைப் போலக் கிடப்பது உண்மையில் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு, வளர்ந்தபின் பச்சையாகிவிடும். பெரிய மரத்தில் அதை விட்டுவிடலாம், சிறு கன்றில் எடுத்துவிட வேண்டும். முருங்கையில் மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக அடையும் கம்பளிப்பூச்சியைக் கையால் தொடாமல் சோப்புக் கரைசலை ஊற்றி அழிக்கலாம். எண்ணிக்கை கைமீறினால் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற நுண்ணுயிர்ப்பொடியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். இளம்புழுக்களிடம்தான் அது நன்றாக வேலை செய்யும்.

பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் பிஞ்சுகள் வளைந்து, மஞ்சளாகி, உள்ளே புழுவோடு அழுகினால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் செய்தித்தாள் கூம்பாலோ மெல்லிய துணிப்பையாலோ மூடிவிடுவது, தெளிப்பு எதையும்விட உறுதியான வழி. அழுகிய காய்களை உரக்குழியில் போடக் கூடாது. உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகப் பறக்கும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் கடும் வெயிலில் போட்டால் புழுக்கள் மடியும்.

விட்டுவைக்க வேண்டியவை

பொறிவண்டைப் பலருக்கும் தெரியும். அதன் இளம்புழுவைத் தெரிந்தவர்கள் குறைவு. சிறிய முதலை போன்ற உடலும் ஆறு கால்களும் கொண்டு, சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊரும் அதுதான் அசுவினியை மிகுதியாகத் தின்பது, அதையே தீங்கு செய்யும் புழு என்று நசுக்கிவிடுகிறார்கள். ஒரு விலக்கும் உண்டு: கத்தரி இலையில் மங்கிய செம்பழுப்பு நிறத்தில், பளபளப்பில்லாமல், பல புள்ளிகளோடு உட்கார்ந்து பச்சையைச் சுரண்டுவது எபிலாக்னா வண்டு. அதன் புழு மஞ்சளாக, முள்முள்ளாக இருக்கும். அதையும் மஞ்சள் முட்டைக் கொத்தையும் அழித்துவிடலாம்.

கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளின் வலிமையைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியபோது பூச்சிக்கொல்லிகளால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி இனங்களைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்ட பிறகே அது அடங்கியது. உங்கள் மாவுப்பூச்சிக் கூட்டத்தில் உப்பிப்போன, துளையிட்ட வெற்றுடல்கள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்த வாரம் எதையும் தெளிக்காமல் இருக்க வேண்டும்.

தெளிக்கத்தான் வேண்டும் என்றால்

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிதளவு காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லியிலிருந்து தொடங்கலாம். வயல்களுக்கு 3 சதவீதம் வரை பரிந்துரைக்கிறார்கள், மென்மையான இலைகளுக்கு அது மிகை. எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலோடு குலுக்கி, பால் நிறமான பிறகே நீரில் சேர்க்க வேண்டும். இல்லையேல் மிதந்து இலையைச் சுடும். துணி துவைக்கும் தூள் இதற்கு ஆகாது. எதையும் இரண்டு இலைகளில் தெளித்து ஒருநாள் பார்த்த பிறகு முழுச் செடிக்கும் தெளிக்கலாம். வேம்பின் சத்து வெயிலில் சிதைவதால் மாலையே ஏற்ற நேரம். மறுநாள் பூச்சி செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது தின்பதையும் தோலுரிப்பதையும் தடுத்து மெதுவாகவே வேலை செய்யும், ஆகவே வார இடைவெளியில் மூன்று முறையாவது தேவைப்படும்.

கடையில் கொடுக்கும் பூச்சிக்கொல்லியை வாங்கும் நிலை வந்தால், புட்டியின் முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு கடும் நஞ்சு; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சு குறைந்துகொண்டே வரும். சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு உரியவை அல்ல. லேபிளில் உங்கள் பயிரின் பெயரும், தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களும் இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. மோனோகுரோட்டோபாஸ் 2005 முதல் காய்கறிகளுக்குத் தடை செய்யப்பட்டது. சில்லறையாக வேறு புட்டியில் ஊற்றித் தரும் மருந்தை, விலை எவ்வளவு குறைவானாலும், தொடவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தையோ அணுகலாம். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம் என்று மூன்று படங்கள் எடுத்து, இரகம், நட்ட தேதி, இதுவரை தெளித்தவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதிரி கொண்டுபோவதானால் காய்ந்து செத்த செடி உதவாது. நோயுற்ற பகுதியும் நலமான பகுதியும் சேர்ந்திருக்கும் கிளையையும், வாடல் என்றால் மண்ணோடு வேரையும் எடுத்து, பிளாஸ்டிக் பையில் புழுங்கவிடாமல் செய்தித்தாளில் சுற்றி, அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.